சாமைக் கிண்ணத்தைக் காலி செய்தது யார்?

1

எங்கள் பல்கலைக்கழகத்தில் மார்ச் மாதம் வந்துவிட்டால் ஆளுக்கொரு படிவம் வந்துவிடும். ஆண்டு முழுவதும் என்ன செய்தோம், எதில் சறுக்கினோம் என்று நமக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். 'இந்த ஆண்டு நீங்கள் கற்றுக்கொண்டது' என்று அதற்குத் தலைப்பு. பெட்டிக்குள் மிஞ்சிப்போனால் மூன்று வரி எழுதலாம்.

நான் ஜப்பானுக்கு வந்து இந்த மார்ச்சோடு பதினோரு ஆண்டுகள் முடிகின்றன. டோக்கியோ என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கிருந்து வேக ரயிலில் ஏறி, மலைகளைக் குடைந்துகொண்டு போய் இறங்கினால், கடலோரத்தில் ஒரு சிறு நகரம் வரும். குளிர்காலத்தில் பனியை வாரிக் கொட்டவே பாதி நாள் போய்விடும். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில், எந்தச் சோறு உடம்பில் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்க்கிற வேலை எனக்கு. பெயர் பூங்கொடி. இங்கே அதை முழுசாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. அலுவலக முத்திரையில் 'பூன்' வரைக்கும்தான் இடம் கிடைத்தது.

பத்து வருடம் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஏதோ ஒரு புது இயந்திரத்தின் பெயரை எழுதித் தப்பித்துவிட்டேன். இந்த வருடம் எழுத உண்மையாகவே ஒரு விஷயம் இருக்கிறது, ஆனால் மூன்று வரியில் அடங்கமாட்டேன் என்கிறது. அதனால் அதை உங்களிடம் சொல்கிறேன்.

2

என் ஊர் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலிருந்து நெல்லிவாசல்நாட்டுப் பக்கமாக ஜீப்பில் குலுங்கிக்கொண்டே போனால் வரும். முப்பது வீடு இருக்கலாம். நான் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தேன், பிறகு திருப்பத்தூர், பிறகு சென்னை, பிறகு இந்தப் பனி. அண்ணனும் அண்ணியும் ஊரிலேயே சாமையும் கொள்ளும் விதைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

சாமைச் சோறு சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடையில் பாக்கெட்டின் மேல்கூட எழுதியிருக்கிறது. எங்கள் மலைச் சாமையை, எங்கள் மலை மனிதர்களே சாப்பிட்டு, முறையாக அளந்து பார்த்தால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. என் பேராசிரியர் ஓனோவிடம் சொன்னேன். அவர் அரிசி ஆராய்ச்சியிலேயே தலை நரைத்தவர். என் குறிப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "உங்கள் ஊர்ச் சோறு. நீங்களே தலைமை தாங்குங்கள்" என்றார். என் பெயரைத் தலையில் போட்டு நடக்கிற முதல் ஆராய்ச்சி அது. அன்றைக்கு வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது சத்தமாகப் பாடிக்கொண்டே போனேன்.

பாட்டு நின்றது அறநெறிக் குழுவின் முதல் கடிதத்தில். மனிதர்களை வைத்துச் செய்கிற எந்த ஆராய்ச்சிக்கும் அந்தக் குழு ஒப்புதல் தரவேண்டும். கலந்துகொள்கிறவர்களின் சம்மதப் படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலர் கைநாட்டு வைப்பார்கள் என்று எழுதியிருந்தேன். இந்த நாட்டில் எதற்கும் கையெழுத்தை நம்பமாட்டார்கள், ஆளுக்கொரு பெயர் முத்திரை வேண்டும். நூலகத்தில் புத்தகம் எடுக்கப்போய், முத்திரை இல்லையென்று வெறுங்கையோடு திரும்பியவள் நான். கட்டைவிரல் முத்திரையாகுமா ஆகாதா என்று குழு இரண்டு கூட்டம் பேசியது. கடைசியில் அதிலிருந்த வயதான அம்மாள் ஒருவர் தன் கட்டைவிரலையே தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைத் தொலைக்கவும் முடியாது, இரவல் கொடுக்கவும் முடியாது. என் முத்திரையைவிட நல்ல முத்திரை" என்றாராம். ஒப்புதல் வந்துவிட்டது.

3

செய்முறை எளிதானது. காலையில் வெறும் வயிற்றோடு ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு வரவேண்டும். விரலில் ஒரு குத்து. பிறகு தராசில் நிறுத்த ஒரு கிண்ணம் சோறு, அதோடு கொஞ்சம் ரசம். அரை மணிக்கு ஒருமுறை மறுபடி குத்து, இரண்டு மணி நேரத்துக்கு. ஒரு வாரம் அரிசிச் சோறு, இன்னொரு வாரம் சாமைச் சோறு. இரண்டுக்கும் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மலையில் இதைப் பார்த்துக்கொள்ள வெண்ணிலா கிடைத்தாள். கண்ணமங்கலத்துப் பெண், நர்ஸ் படிப்பு முடித்தவள். வாரக் கடைசியில் மட்டும் ஊருக்குப் போய்விட்டு, மற்ற நாளெல்லாம் புதூர்நாட்டில் அறை எடுத்துத் தங்கினாள். விடிந்ததும் முதல் ஜீப்பைப் பிடித்து எங்கள் ஊருக்கு வந்துவிடுவாள். அவளுக்காக நான் ஒரு படிவம் தயாரித்தேன். பெயர், நேரம், சர்க்கரை அளவு, கடைசியில் 'கிண்ணம் காலியா?' என்று ஒரு கேள்வி. காலி என்றால் டிக். சோறு மீந்திருந்தால் அதை நிறுத்து எழுதவேண்டும். போதாததற்கு, சோறு நிரம்பிய கிண்ணம் ஒரு படம், காலிக் கிண்ணம் ஒரு படம் எடுத்து அனுப்பவும் சொல்லியிருந்தேன். எதையும் நான் விட்டுவைக்கவில்லை என்று எனக்கே என்மேல் பெருமை.

படங்கள் வந்தன. பளபளவென்று காலிக் கிண்ணங்கள், ஒரு பருக்கைகூட இல்லை. ஜப்பான்காரர்களுக்குச் சோற்றில் ஒரு பருக்கை மீந்தாலும் மனம் பொறுக்காது. ஓனோ அந்தப் படங்களைத் தன் மாணவர்களிடம் காட்டி, "இந்த மக்களைப் பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு!" என்றார். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன்.

எண்களும் வந்தன. சாமை சாப்பிட்ட நாளில் சர்க்கரை ஏறினதும் தெரியவில்லை, இறங்கினதும் தெரியவில்லை. சமவெளி மாதிரிக் கோடு. அரிசி நாளில் மட்டும் மலை ஏறி இறங்கியது. ஓனோ வரைபடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் வாழ்நாளில் ஒரு தானியமும் இப்படி நடந்துகொண்டதில்லை என்றார். கட்டுரை எழுதத் தொடங்கினோம். மார்ச்சில் கூடுகிற நிதிக் குழு இந்த ஆராய்ச்சியை நீட்டித்துவிட்டால், எங்கள் ஊரிலேயே நிரந்தரமாகச் சர்க்கரை பார்க்க ஓர் அறை, வெண்ணிலாவுக்கு வேலை, எனக்கும் இங்கே நிலையான இடம். எல்லாம் அந்தச் சமவெளிக் கோட்டில்தான் இருந்தது.

4

வீட்டிலும் அப்போது என் கொடிதான் பறந்தது. என் மகள் கயலுக்குப் பதின்மூன்று வயது. அவள் கனவுகூட ஜப்பானிய மொழியில்தான் காண்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜப்பானியத்தில் பதில் சொல்வாள். ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் "போம்மா" என்பாள். அதற்காகவே சில நாள் அவளைச் சீண்டுவதுண்டு.

ஒரு தடவை அவள் வகுப்புக்கு முறுக்கு சுட்டு அனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. பள்ளியில் சாப்பாட்டைப் பரிமாறிக்கொள்ளக் கூடாதாம். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று தெரியாது என்பதால் அப்படி ஒரு விதி. எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே அளவு, ஒரே நேரத்தில் தொடங்கவேண்டும். அலுவலகத்திலும் அப்படித்தான். ஊருக்குப் போய்வந்தால் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிவர வேண்டும், அதுவும் ஆளுக்கு ஒன்று, தனித்தனி உறையில். மதியம் அவரவர் டப்பாவை அவரவர் திறந்து சாப்பிடுவார்கள். வந்த புதிதில் என் தயிர்சாதத்தைப் பக்கத்து மேசைக்காரருக்கு நீட்டினேன். அவர் பதறி எழுந்து மூன்று முறை குனிந்து வணங்கி மறுத்தார். மறுநாள் எனக்குத் தனியாக ஒரு சோற்று உருண்டை வாங்கி வந்து கடனைத் தீர்த்தார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் நீட்டியதில்லை. என் டப்பா, என் கரண்டி, என் சன்னல் என்று பழகிவிட்டேன். பிடித்தும் போய்விட்டது, அதை மறைப்பானேன்.

ஊரோடு பேசுவது வாரத்துக்கு ஒருமுறை, வீடியோவில். அண்ணியின் பெயர் மல்லிகா. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் அண்ணியும் ஒருத்தி. மருத்துவமனையில், சர்க்கரை வரப்போகிறது, மாதாமாதம் வந்து காட்டு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"இன்னா கொடி, போன்ல பேசறப்பல்லாம் கொக்கு மாதிரி தலைய ஆட்டினே கீற?" என்று கேட்டாள் ஒரு நாள். குனிந்து குனிந்து பேசுவது எனக்குப் பழக்கமாகிப்போயிருக்கிறது, எனக்கே தெரியவில்லை.

"மருத்துவமனைக்குப் போனீங்களா அண்ணி?"

"எதுக்கு? சாமை துன்னா ஏறவே ஏறாதுன்னு நீதான கண்டுபிடிச்ச. வெண்ணிலா நம்பரு சொல்லிச்சு. இப்ப ரெண்டு வேளையும் சாமைதான். ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன்."

நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. சிரித்தேன்.

5

சென்ற ஆண்டு ஜனவரியில் பொங்கலுக்கு இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக ஊருக்குப் போனேன். பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் முதல் கட்டத்தின் கடைசிச் சாமை நாள். நானும் சமுதாயக் கூடத்துக்குப் போனேன். தலைமை ஆராய்ச்சியாளர் அல்லவா, சும்மா பார்வையிடத்தான்.

பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அன்று அரிசி, பாதிப் பேருக்குச் சாமை. வெண்ணிலா விரல்களைக் குத்தினாள், சோற்றை நிறுத்தாள், படம் எடுத்தாள், எல்லாம் கச்சிதம். அண்ணியின் கைக்குச் சாமைக் கிண்ணம் வந்தது. அண்ணி நிமிர்ந்து வெண்ணிலாவைப் பார்த்தாள்.

"நீ சாப்ட்டியா?"

"இல்லம்மா, ஜீப்புக்கு நேரமாய்டிச்சு."

அண்ணி கிண்ணத்திலிருந்து ஒரு கை அள்ளி மூடித் தட்டில் வைத்து நீட்டினாள். வெண்ணிலா வாங்கிக்கொண்டாள், ஏதோ தினமும் வாங்குகிறவள் மாதிரி. அண்ணி அடுத்து, பக்கத்தில் துணைக்கு வந்திருந்த எங்கள் சின்னம்மாவுக்கு ஒரு கை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பால எப்ப வருவியோ, இந்தா" என்று என் உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்தாள். நான் பிட்டுப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். புதுச் சாமை, ரசம் ஊறி, அவ்வளவு ருசி. மூன்று வாய் தின்றேன். நான்காவது வாய்க்குக் கையைத் தூக்கியபோதுதான் உறைத்தது.

சுற்றிப் பார்த்தேன். சாமைக் கிண்ணம் வைத்திருந்த அத்தனை பேரும் யாருக்காவது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாக் கிண்ணமும் காலி. வெண்ணிலா கையைத் துடைத்துவிட்டுக் காலிக் கிண்ணங்களைப் படம் எடுத்தாள். படிவத்தில் டிக், டிக், டிக்.

"அண்ணி, அது நீங்க மட்டும் சாப்பிட வேண்டியது."

"தெரியாதா எனக்கு? நீ எதிர்ல உக்காந்து பாத்துனு கீற, நான் மட்டும் குனிஞ்சி துன்னுட்டா ஊரு இன்னா பேசும்?"

"அரிசிச் சோறு குடுத்தப்பவும் இப்படித்தானா?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரேஷன் அரிசிச் சோத்த யாரு கேக்கப்போறா? அது எல்லார் வூட்லயும் கீது. வந்தவங்களுக்கு அதப் போய் நீட்டுவாங்களா? சாமை அப்பிடியா? குத்திப் புடைச்சி ஆக்கறதுக்கு இப்பல்லாம் யாருக்கு நேரம் கீது? ஆக்கினா நாலு பேருக்குக் குடுத்துத்தான் துன்னுவோம்."

அரிசியை முழுக் கிண்ணமும் தின்றிருக்கிறார்கள். சாமையைப் பாதிதான் தின்றிருக்கிறார்கள். என் சமவெளிக் கோட்டின் ரகசியம் அவ்வளவுதான். பாதிச் சோற்றுக்குச் சர்க்கரை எப்படி ஏறும்?

வெண்ணிலாவின் கண் கலங்கிவிட்டது. "அக்கா, படிவத்துல கிண்ணம் காலியான்னுதான் கேட்டிருந்தீங்க. காலிதான். நான் ஒருநாளும் பொய் எழுதல."

உண்மைதான். காலி செய்தது யார் என்று நான் கேட்கவே இல்லை. அந்தக் கூடத்தில் எதிரே ஆள் இருக்க, ஒருத்தி தனியாகச் சாமைச் சோறு தின்னமாட்டாள் என்பது வெண்ணிலாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவள் அடிவாரத்துக்காரி. அங்கேயே பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மறந்துபோயிருக்கிறேன். பிறந்த ஊரைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கிளம்பி, அந்த ஊர் எப்படிச் சோறு தின்னும் என்பதை மறந்துபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, அண்ணி இரண்டு வேளையும் சாமையைத் தின்றுவிட்டு மருத்துவமனைப் பக்கம் போகாமல் இருக்கிறாளே என்று பயமாக இருந்தது.

அழுகையும் சிரிப்புமாக வெண்ணிலா, "அதான்க்கா ஜூன்லருந்து எனக்கு வெயிட்டு கூடினே போவுது" என்றாள்.

6

திரும்பி வந்து ஓனோவிடம் சொன்னேன். ஜப்பானில் தவறு நேர்ந்தால் அது எப்படி நேர்ந்தது, யாரால், எப்போது என்று விளக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதிய கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"நீங்களும் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார்.

"மூன்று வாய்."

அவர் பேனாவை எடுத்து என் கடிதத்தின் ஓரத்தில் 'மூன்று வாய்' என்று எழுதிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். பதினோரு ஆண்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "காலிக் கிண்ணத்தைப் பார்த்து நானும்தானே மயங்கினேன்" என்றார். "அவ்வளவு நல்ல முடிவு வந்தபோது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கும் ஒரு பங்கு உண்டு."

மார்ச்சில் நிதிக் குழுவின் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து மன்னிப்புக் கேட்டோம். அவர்கள் நீட்டிப்பு தரவில்லை, மூடவும் இல்லை. ஆறு மாதத்துக்குள் முழுக் கிண்ணத்தையும் அவரவரே சாப்பிட்ட கணக்கோடு வாருங்கள், இல்லையென்றால் இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள்.

முதலில் நான் கெடுபிடியாக இறங்கிப் பார்த்தேன். அவரவர் கிண்ணத்தை அவரவரே சாப்பிடவேண்டும், யாருக்கும் தரக் கூடாது என்று பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பினேன். கயல் அதில் கிண்ணமும் பெருக்கல் குறியும் வரைந்து கொடுத்தாள். தன் பள்ளி விதியை ஊருக்கே அனுப்புகிற சந்தோஷம் அவளுக்கு. ஏப்ரலில் வெண்ணிலா அதைக் கூடத்தில் படித்துக் காட்டினாள். எல்லோரும் பவ்யமாகத் தலையாட்டினார்கள். பிறகு கிண்ணங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரும் சாப்பிடவில்லை. "நீ துன்னு." "நீ மொதல்ல துன்னு." "அவங்க துன்னட்டும், அப்பால நான்." அரை மணி ஆயிற்று. சோறு ஆறி விறைத்துப்போயிற்று. அன்றைய படிவத்தில் ஒரு எண்ணும் இல்லை. வெண்ணிலா அனுப்பிய படத்தில் பத்துக் கிண்ணமும் நிரம்பி இருந்தன.

அன்று மாலை அண்ணியைக் கூப்பிட்டேன். ஏதோ சொல்லப்போய்ச் சண்டையில் முடிந்தது.

"எதிர்ல ஆளுங்க சும்மா குந்தினு கீறப்ப சோறு எறங்கலன்னா நாங்க இன்னா பண்ணறது? எங்கள வையாத."

"அப்போ எதிர்ல யாரும் இல்லாம, ஒவ்வொருத்தரா ரூம்ல உக்காந்து சாப்பிடுவீங்களா?"

"ஏன், நாங்க இன்னா திருடித் துன்றோமா?"

அடுப்பங்கரையில் நின்று யோசித்தேன். எதிரே இருப்பவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்? "அண்ணி, வந்தவங்க எல்லாருக்கும் தனியா ஒரு பானை சாமை ஆக்கி, மொதல்ல அவங்களுக்குப் போட்டுட்டா, நீங்க உங்க கிண்ணத்த முழுசா துன்னுவீங்களா?"

"தாராளமா துன்னுவோம்" என்றாள் அண்ணி. "இத மொதல்லயே செய்யறதுக்கு இன்னா?"

7

அதற்கு இன்னொரு ஒப்புதல் வேண்டியிருந்தது. அறநெறிக் குழு திரும்பவும் கூடியது.

"அந்தப் பானையிலிருந்து சாப்பிடுகிறவர்கள் ஆராய்ச்சியில் பங்கேற்பவர்களா?"

"இல்லை."

"ஊழியர்களா?"

"ஒருவர் மட்டும். மற்றவர்கள் இல்லை."

"அப்படியென்றால் அவர்கள் யார்?"

"விருந்தாளிகள்" என்றேன்.

குழுவின் படிவத்தில் அப்படியொரு இனமே கிடையாது. இளைஞர் ஒருவர், விருந்தாளிகள் வராமல் பார்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்டார். கைநாட்டுக்கு வாதாடிய அதே வயதான அம்மாள் அவரைப் பார்த்து, "உங்கள் வீட்டுக்கு யாருமே வருவதில்லையா?" என்றார். அதற்குப் பிறகு எதிர்ப்பு இல்லை. விண்ணப்பத்தில் கையால் ஒரு கோடு போட்டு 'விருந்தாளிகள்' என்று புதிதாக எழுதினோம். அந்தத் திருத்தத்தின் மேல் ஐந்து முத்திரைகள் விழுந்தன.

ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. கயலையும் அழைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ஜீப்பில் அவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் டிரைவரிடம் ஜப்பானியத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் என்னிடம், "பொண்ணு இன்னா மந்திரம் சொல்லுதுங்க?" என்று கேட்டார்.

கூடத்தில் இரண்டு பானைகள் இருந்தன. வெண்ணிலா முதலில் விருந்தாளிப் பானையைத் திறந்தாள். துணைக்கு வந்தவர்கள், குழந்தைகள், எட்டிப் பார்க்க வந்தவர்கள், ஜீப் டிரைவர் எல்லோருக்கும் இலையில் சாமை விழுந்தது. வெண்ணிலாவும் ஒரு இலை போட்டுக்கொண்டாள். கயல் என் காதருகே வந்து, "அம்மா, நான் விருந்தாளியா?" என்று தமிழில் கேட்டாள். கேள்வி எங்கேயோ குத்தியது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, "நீ இன்னா விருந்தாளி? என் நாத்தனா மவ, வூட்டுப் பொண்ணு. போய் எல்லாருக்கும் ரசம் ஊத்து" என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டாள். கயல் ஒவ்வொரு இலையிலும் சரிசமமாக ஊற்ற முயன்று, எல்லோரும் சிரிக்க, கடைசியில் தானும் சிரித்தாள்.

எதிரே இருந்தவர்கள் சாப்பிடுவதைப் பார்த்த பிறகு, சுவரோரம் இருந்தவர்கள் தங்கள் கிண்ணத்தில் கைவைத்தார்கள். ஒருவரும் யாருக்கும் நீட்டவில்லை. அண்ணி கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

அரை மணி கழித்து அண்ணியின் விரலை நானே குத்தினேன். எண் தெரிந்தது. ஏறியிருந்தது. அரிசி நாளைவிடக் குறைவுதான், சாமை ஏதோ செய்யத்தான் செய்கிறது. ஆனாலும் நன்றாகவே ஏறியிருந்தது. அண்ணியின் உடம்புக்கு அது நல்ல எண் இல்லை.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏறிடிச்சா?"

"ஏறியிருக்கு அண்ணி."

"முன்ன ஏறலியே."

"முன்ன நீங்க பாதிதான் துன்னீங்க."

அண்ணி இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்ப உன் வேலைக்கு இன்னா ஆவும்?"

இத்தனை மாதமும் அவள் எனக்காகத்தான் அந்த எண்ணைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள். தன் உடம்பைப் பற்றி நினைக்கவே இல்லை.

"ஒண்ணும் ஆவாது. இந்த நம்பர்தான் அவங்களுக்கு வேணும்."

அவள் நம்பவில்லை. "கொஞ்சம் கொறச்சிப் போட்டுக்கயேன் கொடி. எழுதறவ நம்ம பொண்ணுதான. யாரு கேக்கப்போறா?"

"நம்ம பொண்ணுன்றதாலதான் அண்ணி கொறைக்க முடியாது. இதக் கொறச்சி எழுதினா நீங்க மருத்துவமனைக்குப் போவமாட்டீங்க. உங்களப் பாத்து இந்த ஊரே போவாது. நாளைக்கு நானே உங்கள இட்டுனு போறேன்."

நான் எண்ணை உள்ளபடி எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, எழுதியது அதுதானா என்று சரிபார்த்தாள். பிறகு குத்திய விரலை மடக்கிக்கொண்டு அடுத்த விரலை நீட்டினாள்.

"அடுத்தது இதுல குத்து. அது வலிக்குது."